எதிரியோடு விண்ணப்பிக்கவும்

முதலாண்டு வகுப்பில் அன்றைய வழக்கு ஜன்னலோரக் கட்டில்.

விடுதியில் ஒரே அறையில் தங்கியிருக்கும் இரண்டு பையன்கள் மேசைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக உட்கார்ந்திருந்தார்கள். இருவர் மார்பிலும் நெஞ்சொட்டி இருந்தது. அரசாணையில்தான் அதற்கு அந்தப் பெயர். பிள்ளைகளுக்கு அது வெறும் பேட்ச். ஒவ்வொருவர் முன்னாலும் கொய்யாக்காய் அளவில் ஒரு வெண்கல மணி தொங்கியது. பேராசிரியர் சகாயமேரி கையைக் கட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றாள்.

"ம், ஆரம்பிங்க."

உயரமான பையன் நெஞ்சில் கை வைத்துக்கொண்டான். "நான் இர்பான்," என்றான். அவன் இர்பான் இல்லை. எதிரே உட்கார்ந்திருந்தவன்தான் இர்பான். "ஜன்னலோரக் கட்டில் எனக்குத்தான் வேணும். ஏன்னா எனக்கு ராத்திரில மூச்சு முட்டுது."

இர்பான் முன்னால் இருந்த மணி அசையவில்லை. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

"ஃபேன் சத்தம் எனக்கு ஆகாது..."

அதற்கும் மணி அசையவில்லை.

"அவன் வாயிலேர்ந்து வந்ததைத் திருப்பிச் சொல்றடா. அதுக்கு ஒரு கிளிப்பிள்ளை போதுமே," என்றாள் சகாயமேரி. "அவன் எதுக்குச் சண்டை போடறான்னு யோசி."

பையன் இர்பானின் முகத்தையே பார்த்தான். பிறகு குரல் இறங்கியது. "மூச்சும் முட்டல, ஒண்ணும் முட்டல. அந்த ஜன்னல்லேர்ந்து பார்த்தா கோடியக்கரை கலங்கரை விளக்கு தெரியுது. அது பக்கத்துலதான் எங்க தோப்புத்துறை. வீட்டை நினைச்சு அழுவுறேன்னு சொன்னா கிண்டல் பண்ணுவானுங்க."

மணி ஒலித்தது. யாரும் அதைத் தொடவில்லை. இர்பான் தலையைக் குனிந்துகொண்டான். அதன்பிறகு கட்டில் யாருக்கு என்று கேட்க ஆளே இல்லை. உயரமான பையன் அன்று மதியமே தன் பெட்டியைத் தூக்கிச் சுவரோரம் வைத்துவிட்டான்.

மறுவாய்ச் சட்டம் சொல்வது இவ்வளவுதான். எந்தத் தகராறிலும் யாரும் தன் பக்கத்தைப் பேசக் கூடாது. எதிராளியின் பக்கத்தைத்தான் பேச வேண்டும், அவர் நெஞ்சு நிறையும்வரை. நிறைந்ததா இல்லையா என்று அவரைக் கேட்க வேண்டியதில்லை. நெஞ்சொட்டி அறியும், நிறைவுமணி சொல்லும். வெறும் தகவலுக்கு அது மசியாது. முகத்துதி, அழுகை, ஆவேசம் எதற்கும் மசியாது. இரண்டு மணிகளும் ஒலித்தால் வழக்கு முடிந்தது. பதிவேட்டில் பூட்டு விழுந்துவிடும். பிறகு அந்தப் பேச்சைச் சம்பந்தப்பட்ட குடும்பங்களும் எடுக்கக் கூடாது, அரசும் எடுக்காது. தண்ணீர்க் கலவரங்களில் பாதி நாடு எரிந்து அடங்கிய பிறகு வந்த சட்டம் இது. சட்டசபையிலும் இதுதான், சந்தைக்கடையிலும் இதுதான்.

வகுப்பின் கடைசியில் சகாயமேரி பழைய காலத்துத் தொலைக்காட்சி விவாதம் ஒன்றைத் திரையில் ஓட்டினாள். கோட்டுப் போட்ட நான்கு பேர் ஒரே நேரத்தில் அவரவர் பக்கத்தைக் கத்திக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"மேடம், எல்லாரும் அவங்கவங்களுக்கே பேசினா, கேக்குறது யாரு?" என்றாள் ஒரு பெண்.

"பரீட்சையில அந்தக் கேள்விதான் வரும். எழுதி வெச்சுக்க," என்றாள் சகாயமேரி.

பொதுக்கடல் பல்கலைக்கழகம் இரண்டு கரைகளுக்கும் நடுவே கடலில் மிதந்தது. அங்கே சேர ஒரு விசித்திரமான நிபந்தனை உண்டு. விண்ணப்பத்தின் மேலேயே பெரிய எழுத்தில் போட்டிருக்கும்: எதிரியோடு விண்ணப்பிக்கவும். உன் குடும்பத்தோடு தீராத வழக்குள்ள குடும்பத்திலிருந்து ஒருவர் உன்னோடு சேர வேண்டும். அதற்கு எதிரிணை என்று பெயர். மூன்று ஆண்டும் ஒரே வகுப்பு, ஒரே சாப்பாட்டு மேசை. பொறியியல் படித்தாலும் சரி, கணக்குப் படித்தாலும் சரி, கடைசி ஆண்டு சமாதானவியல் செய்முறையில் இணையின் இரண்டு மணிகளும் ஒலித்தால்தான் பட்டம். ஒருவர் தோற்றால் இருவரும் தோற்றவர்கள். பட்டம் இல்லாதவருக்குப் பொதுக்கடலில் படகு இறக்க உரிமம் இல்லை. மாணவராக இருக்கும்வரை மட்டும் பட்டம் இல்லாமலே இறக்கலாம்.

அன்று பிற்பகல் அப்படித் தோற்ற ஒரு இணையின் முறையீடு சகாயமேரியிடம் வந்தது.

இக்கரை ஆறுகாட்டுத்துறைப் பையன் கடலரசன். அக்கரை மாதகல் பெண் டிலக்சனா. ஏழு வருடத்துக்கு முந்தைய வழக்கு. டிலக்சனாவின் அப்பா பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்துக் கடலில் மிதவைப் பண்ணை வைத்து மீன் வளர்ப்பவர். ஒரு புயல் நாளில் பண்ணையின் எல்லை விளக்கு அணைந்துவிட்டது. இருட்டில் கடலரசனின் அப்பா ஓட்டி வந்த படகு பண்ணையின் இரும்புக் கம்பியில் மோதிக் கவிழ்ந்தது. மற்றவர்கள் நீந்திப் பிழைத்தார்கள். அவர் மட்டும் கிடைக்கவில்லை. விளக்கைப் பண்ணைக்காரர்தான் அணையவிட்டார் என்றது ஆறுகாட்டுத்துறை. அந்தப் புயலில் கடலுக்கு வந்தது யார் குற்றம் என்றது மாதகல்.

டிலக்சனாவுக்கு இன்னும் வாய் திறக்கவே முறை வரவில்லை. முதலில் பேச வேண்டியவன் கடலரசன். மூன்று தடவை பேசிவிட்டான். மூன்று தடவையும் டிலக்சனாவின் மணி ஊமையாகவே இருந்தது. மூன்றாம் முறையும் தோற்றால் முறையீடு கட்டாயம். மாணவனுக்கும் ஆசிரியருக்கும் நடக்கும் அந்தத் தகராறுக்கும் சட்டம் ஒன்றேதான். அதாவது, தான் தோற்றது சரி என்று மாணவன் வாதாட வேண்டும். அவன் ஜெயித்திருக்க வேண்டும் என்று ஆசிரியர் வாதாட வேண்டும்.

சகாயமேரி அறைக்குள் நுழைந்ததும் வாசலுக்கு மேல் மஞ்சள் நிறத்தில் அமர்வு விளக்கு எரிந்தது. ஆசிரியர் 'முடிந்தது' என்று சொல்லும்வரை அதை அணைக்கக் கூடாது. அதுவரை பிள்ளைகளை யாரும் வெளியேற்றவும் முடியாது. பதிவு செய்யும் கருவியான பதிவி சுவரிலிருந்து வணக்கம் சொன்னது. டிலக்சனா ஓரத்து நாற்காலியில் தன் மணியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இணை என்பதால் அவளும் இருந்தாக வேண்டும்.

"நீ பேசுப்பா," என்றாள் சகாயமேரி.

கடலரசன் நெஞ்சில் கை வைத்தான். "நான் சகாயமேரி. இந்தப் பையனை மூணு தடவையும் ஃபெயில் போட்டேன். மணி அடிக்கல, விதி அப்படி."

அவள் முன்னால் இருந்த மணி சும்மா இருந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. அந்த மணி ஒலித்து அவள் கேட்டதே இல்லை. ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்கு அடுத்தவர் மணியை ஒலிக்கவைக்கக் கற்றுக்கொடுத்தவளுக்காகப் பேச யாருக்கும் அவசியம் நேர்ந்ததில்லை.

"எனக்கு இந்தப் பையனைப் பிடிக்கும்," என்று தொடர்ந்தான் அவன். "பாஸ் போட்டிருக்கலாம். கை வரல. ஏன்னா எனக்குப் பயமா இருக்கு. இந்த மணியை நம்பித்தான் இருபது வருஷமாப் பாடம் நடத்துறேன். கல்யாணம் காட்சின்னு ஒண்ணும் பார்க்காம இங்கேயே கிடந்துட்டேன். ஒரு தடவை மணி அடிக்காமலே பாஸ் போட்டா, மணிக்குத் தெரியாததும் இருக்குன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். அப்புறம் நான் இத்தனை வருஷம் நடத்தினது என்ன?"

மணி ஒலித்தது.

அந்த ஒலியைச் சகாயமேரி எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள், ஆனால் அது தன் நெஞ்சுக்குள்ளிருந்து கிளம்பினால் எப்படி இருக்கும் என்று தெரியாமலே பாடம் நடத்தியிருக்கிறாள். யாரோ பல வருடமாகத் தூக்கிக்கொண்டு நடந்த மூட்டையை வாங்கி இறக்கி வைத்ததுபோல் இருந்தது. கன்னத்தில் ஈரம் பட்டபோதுதான் அழுகிறோம் என்றே அவளுக்குத் தெரிந்தது. அவள் அதைத் துடைக்கவும் இல்லை.

அடுத்த நொடியே வேறொன்று உறைத்தது. இவ்வளவு ஆழத்துக்குப் போகத் தெரிந்தவன் டிலக்சனாவிடம் எப்படித் தோற்றான்? ஒரு தடவை சரி. மூன்று தடவையுமா?

இவன் தோற்கவில்லை. வேண்டுமென்றே பாதியில் நிறுத்திக்கொண்டிருக்கிறான்.

இப்போது அவள் முறை. நெஞ்சில் கை வைத்தாள். "நான் கடலரசன். எனக்குப் பட்டம் வேணும். பட்டம் இல்லேன்னா படகு இல்ல, படகு இல்லேன்னா பொழப்பு இல்ல."

அவன் மணி அசையவில்லை.

"எனக்கு இன்னும் கோவம் ஆறல. அந்த மனுஷனை மன்னிக்க மனசு வரல."

அதற்கும் இல்லை. கடலரசன் அவளைப் பார்க்காமல் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கோபக்காரன் உட்காரும் விதமாக அது தெரியவில்லை. எதையோ கண்டுபிடித்துவிடப் போகிறார்களே என்று பயந்தவன் போல இருந்தான்.

சகாயமேரி அவனுடைய மூன்று பேச்சுகளையும் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தாள். மூன்றிலும் ஒரு விளக்கு வந்தது. அணைந்துபோன எல்லை விளக்கு இல்லை, வேறொன்று. டிலக்சனாவின் அப்பா அந்தப் புயல் நாளிலிருந்து ஒவ்வொரு மாலையும் சின்னப் படகில் ஒரு விளக்கை ஏற்றிக்கொண்டு காணாமற்போனவரைத் தேடப் போகிறார். இது ஊரறிந்த விஷயம். ஆனால் அந்த விளக்குக்குப் பச்சைக் கண்ணாடி, ஒரு பக்கம் கீறல், காற்றடித்தால் அவர் அதைக் கால்களுக்கு நடுவில் வைத்துக்கொள்வார் என்பதெல்லாம் இவனுக்கு எப்படித் தெரியும்? எதிரி வீட்டு விளக்கை இப்படிக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு யார் பார்ப்பார்கள்?

அவளுக்குப் புரிந்துவிட்டது.

"நான் கடலரசன்," என்றாள் மறுபடியும், மெதுவாக. "பொழுது சாய்ஞ்சா விடுதி மாடிக்குப் போயிடறேன், கையில ஒரு பைனாகுலரை வெச்சுக்கிட்டு. அந்த விளக்கு வருதான்னு பார்க்கத்தான். எங்க வீட்டுல காரியம் பண்ணி முடிச்சிட்டாங்க. அண்ணன் வேற ஊருக்குப் போயிட்டான். அம்மாகூட இப்பல்லாம் அவர் பேரை எடுக்குறதில்ல. இந்த உலகத்துல எங்கப்பாவை இன்னும் தேடிக்கிட்டிருக்கிற ஆள் ஒருத்தர்தான். அவரு எங்க எதிரி. மணி அடிச்சிட்டா வழக்கு முடிஞ்சிடும். பதிவேட்டுல 'காணாமற்போனவர்'ங்கறதை அடிச்சிட்டு 'இறந்தவர்'னு எழுதிடுவாங்க. அப்புறம் அந்த விளக்கு வராது."

அவன் மணி ஒலித்த ஒலியில் மேசையே அதிர்ந்தது. கடலரசன் இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான்.

முறையீட்டின் இரண்டு மணிகளும் ஒலித்தாயிற்று. இனி மாணவனுக்குக் கடைசியாக ஒரு வாய்ப்பு உண்டு. பதிவி அதைக் குறித்துக்கொண்டு, "மூல வழக்கு?" என்று கேட்டது.

ஓரத்தில் டிலக்சனா எழுந்து நின்றிருந்தாள். "கடலரசன், அப்பாக்கு..." என்று தொடங்கியவள் பல்லைக் கடித்துக்கொண்டு நிறுத்தினாள். தன் பக்கத்தைத் தானே பேசினால் வழக்கே செல்லாது. மூன்று வருடமாகத் தொண்டைவரை வந்ததை விழுங்கி விழுங்கியே பழகிப்போனவள். மணியைக் கொண்டுவந்து அவன் எதிரே வைத்துவிட்டு உட்கார்ந்தாள். அவள் கண்கள் மட்டும் அவனைக் கெஞ்சின.

கடலரசன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். நெஞ்சில் கை வைத்தான்.

"நான் டிலக்சனா," என்றான். "எங்கப்பாவுக்கு நெஞ்சுவலி. யாரும் சொல்லல, ஆனா மாடியிலேர்ந்து பார்த்தாலே தெரியுது. கொஞ்ச நாளா அந்த விளக்கு வழியில நின்னு நின்னு போவுது. முந்தாநாள் ரொம்ப நேரம் ஒரே இடத்துல நின்னுச்சு. எங்கப்பா கடல்லயே செத்துப்போயிடுவாரு. நான் சொன்னா கேக்கல, டாக்டர் சொன்னாலும் கேக்கல. அந்த வீட்டுலேர்ந்து ஒருத்தன் வந்து, 'ஐயா, போதும், நீங்க தேடினது போதும், வீட்டுக்குப் போங்க'ன்னு சொன்னாத்தான் அவரு நிறுத்துவாரு. அந்த ஒருத்தன் மூணு வருஷமா எனக்கு எதிர்ல உக்காந்து சோறு திங்கிறான். எல்லாத்தையும் பேசுறான். அதை மட்டும் பேச மாட்டேங்கிறான்."

டிலக்சனாவின் மணி ஒலித்தது. ஒரு தடவையோடு நிற்காமல் அது ஒலித்துக்கொண்டே இருந்தது. அப்படி ஒன்றைச் சகாயமேரி பார்த்ததில்லை. டிலக்சனா அழவில்லை. கண்ணை மூடிக்கொண்டு மூச்சை விட்டாள், அவ்வளவுதான்.

"நான் வந்து சொல்றேன், டிலக்சனா," என்றான் கடலரசன் தன் சொந்தக் குரலில். "இன்னைக்கே சொல்றேன்."

இனி அவள் முறை. அவள் பேசி அவன் மணி ஒலித்தால் எல்லாம் முடிந்தது. இருவருக்கும் பட்டம். சகாயமேரிக்கு இருபது வருடத்தில் மிகச் சிறந்த இணை. துறைத் தலைவர் இந்த அமர்வின் பதிவை நாடு முழுக்கப் பாடமாகப் போட்டுக் காட்டுவார்.

டிலக்சனா அவன் மணியைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள். நெஞ்சில் கை வைத்தாள்.

"நான் கடலரசன். அப்பா திரும்பி வரமாட்டார் எண்டு எனக்குத் தெரியும். முதல் ஒரு கிழமைக்குள்ளயே தெரியும். நான் விசரனும் இல்லை, பைத்தியமும் இல்லை." அவள் குரல் தடுமாறவே இல்லை. "எனக்கு ஆருடைய மன்னிப்பும் வேண்டாம், காசும் வேண்டாம். எங்கட அப்பா எண்டு ஒருத்தர் இந்தக் கடலுக்குள்ள இருக்கிறார். அவரை நினைச்சு ஆரோ ஒராள் பின்னேரத்தில ஒரு விளக்கைக் கொளுத்த வேணும். அது போதும். முடிஞ்சுது எண்டு மட்டும் ஒருத்தரும் எழுதக் கூடாது..."

மணியின் நாக்கு அசையத் தொடங்கியது.

டிலக்சனா சட்டென்று கையை உள்ளே விட்டு அந்த நாக்கைப் பிடித்துக்கொண்டாள்.

அறையில் ஒரு சத்தமும் இல்லை. அவள் மூடிய கைக்குள் மணி துடித்துக்கொண்டிருந்தது. முழங்கை வரைக்கும் அந்த அதிர்வு ஏறுவது சகாயமேரிக்குத் தெரிந்தது. கடலரசன் வாயைத் திறந்தபடி டிலக்சனாவையே பார்த்தான். அவன் நெஞ்சு நிறைந்துவிட்டது. அதை அவன் முகமே சொன்னது, மணி சொல்லத் தேவையிருக்கவில்லை.

"இது அடிக்க வேண்டாம், மிஸ்," என்றாள் டிலக்சனா. "அடிச்சால் கடலரசன்ட அப்பாவைப் பூட்டிப் போடுவினம். எனக்குப் பட்டம் கிடைக்காட்டி பரவாயில்லை."

"இரண்டாம் மணி ஒலித்ததா?" என்று பதிவி கேட்டது.

சகாயமேரி படித்ததிலும் படிப்பித்ததிலும் இப்படி ஒரு காட்சிக்கு இடமில்லை. சண்டை என்றால் இரண்டு மணி, சமாதானம் என்றாலும் இரண்டு மணி. தனக்கு வர வேண்டிய நிம்மதியை வாங்கிக்கொண்டு, எதிரியின் துக்கத்தை மட்டும் மூடாமல் கையில் பிடித்துக்கொண்டு ஒரு பெண் நிற்பாள் என்று எந்தச் சட்டம் எழுதியவருக்குத் தோன்றியிருக்கும்? சமாதானம் இவ்வளவு பெரியதா என்று அவளுக்கு மலைப்பாக இருந்தது. கோயிலுக்குள் வந்துவிட்டதுபோலக் காலணியைக் கழற்றிவிடத் தோன்றியது. உண்மையிலேயே கழற்றிவிட்டாள்.

"இரண்டாம் மணி ஒலித்ததா?" பதிவி மறுபடியும் கேட்டது. ஒலித்தது என்றால் கடலரசனின் அப்பா 'இறந்தவர்' ஆகிவிடுவார். ஒலிக்கவில்லை என்றால் இரண்டு பிள்ளைகளும் இன்றே வெளியே. மூன்றாவதாக ஒரு விடை அந்தக் கருவிக்குத் தெரியாது.

"அமர்வு நடக்குது," என்றாள் சகாயமேரி.

"எப்போது முடியும்?"

"நடக்குதுன்னு சொன்னேன்ல?" பிள்ளைகள் பக்கம் திரும்பினாள். "அமர்வு முடியறவரைக்கும் நீங்க ரெண்டு பேரும் இங்கத்து மாணவங்கதான். மாணவங்களுக்குப் பொதுக்கடல்ல படகு எடுக்க உரிமை இருக்கு. பொழுது சாயப்போவுது. இன்னும் ஏன் நிக்கிறீங்க?"

அவர்கள் போன பிறகு அவள் அறையைச் சாத்தினாள். வாசல் விளக்கை அணைக்கவில்லை. வெறுங்காலோடு விடுதி மாடிக்கு ஏறினாள்.

மேற்கே சூரியன் அமிழ்ந்து கடல் சாம்பல் நிறமாகிக்கொண்டிருந்தது. பண்ணைப் பக்கமிருந்து சின்னதாக ஒரு பச்சை விளக்கு கிளம்பி, நின்று, மறுபடி நகர்ந்தது. பல்கலைக்கழகப் படகுத்துறையிலிருந்து ஒரு படகு அதை நோக்கிப் போனது. கடல் நடுவில் இரண்டும் ஒன்றையொன்று ஒட்டி நின்றன. என்ன பேசினார்கள் என்பது இங்கே கேட்காது. ஆனாலும் சகாயமேரி காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். பச்சை விளக்கு ஒரு படகிலிருந்து இன்னொரு படகுக்குக் கைமாறுவது தெரிந்தது. பிறகு விளக்கில்லாத சின்னப் படகு மெல்லத் திரும்பி, கரையிருக்கும் பக்கமாக, வீட்டுக்குப் போனது.

விளக்கு மட்டும் கடலில் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து அது தெற்கே நகர ஆரம்பித்தது.

சகாயமேரியின் கைப்பேசி அடித்தது. பதிவாளர் அலுவலகம்.

"மேடம், உங்க அறையில அமர்வு விளக்கு இன்னும் எரியுது. உள்ள ஆளே இல்லையே. அணைச்சிடட்டுமா?"

"வேண்டாம் சார்," என்றாள் அவள், கண்ணைக் கடலிலிருந்து எடுக்காமல். "இன்னும் தேடிக்கிட்டிருக்காங்க."